ஐந்தாவது சேனல்

எங்கள் லைனில் பதினொரு வீடுகள், பதினொரு வீட்டுக்கும் ஒரே நீளச் சுவர், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே இரைச்சல். அந்த இரைச்சலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொள்ளும் கறுப்புப் பெட்டி ஒரு ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. கல்லூரி முடித்தும் எந்த ஆபீசிலும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்திருந்த எனக்கு, பாடப் புத்தகங்களை வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. ஒருத்தி வாசிப்பதற்கு, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸே அதிகம். ஆனால் மெல்லிசைக் குழுவைக் கலைத்துவிட்டு ஊருக்குப் போன கீபோர்டுக்காரர் ஒருவரிடம் இருந்தது எட்டு சேனல் பெட்டிதான், அதைத்தான் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்பா பனியன் கம்பெனியில், தைத்து வரும் பீஸ்களை எண்ணிப் பார்த்துத் தேர்கிற செக்கிங் மாஸ்டர். பெயர் குழந்தைவேல். அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். எதிரொலி வரக்கூடாது என்று நான் சொன்னதும், கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைக் கொண்டுவந்து நாலு சுவரையும் கூரை வரை அடுக்கினார். சிவப்பும் மஞ்சளும் நீலமுமான துணித் துண்டுகளுக்கு நடுவில், ஒரு பறவை கூடு கட்டிக்கொண்டதுபோல நான் உட்கார்ந்தேன். லேப்டாப்பில் டிரைவரை ஏற்றி, யூஎஸ்பி ஒயரைச் சொருகி, மைக்கை முதல் சேனலில் மாட்டி, மைக்குக்கு மின்சாரம் தரும் நாற்பத்தெட்டு வோல்ட் பட்டனை அழுத்தி, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயினைத் திருகி, விளக்கு பச்சையில் நிற்கிறதா, மஞ்சளைத் தொடுகிறதா, சிவப்புக்குப் போகிறதா என்று பார்த்தேன். வாசிப்பதற்கு முன் வெறும் அறையைப் பத்து விநாடி பதிவு செய்துகொண்டால், அந்த இரைச்சலை மென்பொருள் பிறகு கழித்துக் கொடுக்கும் என்று படித்திருந்தேன். பதிவு செய்தேன். பக்கத்து வீட்டில் லீலாவதி அக்காவின் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பத்து விநாடி முடிந்து நான் நிறுத்தியபோது கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

"ஏன் கௌசு, கரண்ட் இருக்குதா?" என்று அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"இருக்குதுக்கா."

"அப்பறம் ஏன் இது ஊமையாட்டம் சுத்துது?" கொஞ்ச நேரம் மாவைக் கிளறிப் பார்த்திருப்பாள் போல. "நல்லாத்தான் அரைபடுது. போச்சாது போ, தலைவலி இல்லாம இருக்குது."

பதிவை ஓட்டியபோது சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து இறங்கி, சுவரைக் கடந்து, கிரைண்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சேனல் காலியாகிவிட்டது. ஓட்டுவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த காப்பியைப் பார்த்தேன், அதில் சத்தம் இல்லை, பத்து விநாடி நீளம் மட்டும் இருந்தது. பிறகு மண்புழுவைப் பற்றிய பாடத்தை வாசித்துப் பதிவு செய்தேன். பாடம் வாசிக்கிற குரல் என்னை விட்டுப் போய்விட்டது, அப்பாவிடம் பேசுகிற குரல் மட்டும் தொண்டையில் மிஞ்சியது. அன்றுதான் ஒரு ஆளுக்குள் பல குரல்கள் இருப்பது எனக்குத் தெரிந்தது. வாசிப்பை ஓட்டி என் குரலை மீட்டுக்கொண்டேன், வேலை கொடுத்தவர்களுக்கு வெறும் மௌனம் போய்ச் சேர்ந்தது, அந்த வாரமே வேலையும் போனது.

"வேலை போனாப் போகுது கண்ணு," என்றார் அப்பா. "பொட்டி நல்ல பொட்டியாத்தான் இருக்குது."

லைன் முழுவதும் அதையே சொன்னது. யாரும் திகைக்கவில்லை. புது ரேஷன் கடை திறந்தால் எப்படி வருவார்களோ அப்படி வந்தார்கள். ஒரு சேனலில் ஒரு சத்தம்தான் தங்கும். ஒன்றில் கிரைண்டர். இரண்டில் தண்ணீர் மோட்டார். மூன்றில் நாலாம் வீட்டு ஓவர்லாக் மெஷின். நான்கில் மருதாசலம் தாத்தாவின் இருமல். ஆறில் நாயின் குரைப்பு, ஏழில் எதிர்ச்சந்து கம்ப்ரசர், எட்டில் ஒரு பாத்திரக்காரரின் சம்மட்டி. லீலாவதி அக்கா மாஸ்கிங் டேப்பைக் கிழித்து ஒவ்வொரு சேனலுக்கும் கீழே ஒட்டி, பேனாவால் பெயர் எழுதினாள். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போனபோது வீட்டுச் சொந்தக்காரர் வந்து நாயின் குரைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனார், திருடன் வருவானாம், எல்லோரும் திரும்பிய அன்றே நாயைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்து மறுபடி கொடுத்துவிட்டார். கல்யாணமான புதுப்பெண் ஒருத்தி நாலாம் வீட்டுக்குக் குடிவந்து, மெஷின் ஓசையில்லாமல் தைப்பதைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல எல்லாம் இப்படித்தானுங்களா?" என்று மட்டும் கேட்டாள், ஆமாம் என்றோம்.

ஐந்தாவது சேனலை நான் இன்னும் சொல்லவில்லை. அது ஒன்பதாம் வீட்டுப் பேச்சியம்மாள் அக்காவுடையது. அவள் விருதுநகர்ப் பக்கம், கம்பெனியில் பிசிறு வெட்டுபவள். அவள் வீட்டுக்காரர் மாயாண்டி சாயப் பட்டறையில் லோடு ஏற்றுபவர். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வந்தால், ஒன்பதாம் வீட்டிலிருந்து கிளம்பும் வசவு பதினொரு வீட்டையும் நிரப்பும், குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும், பெரியவர்கள் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். பேச்சியம்மாள் அக்கா மைக்கைத் தானே வாங்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் மடித்த துணிகளுக்கு அடியில் வைத்தாள், ஒயர் எங்கள் வீடு வரை நீண்டு கிடந்தது. அன்று ஒன்றேகால் நிமிடம் பதிவு செய்தேன். மாயாண்டிக்கு இருந்தது அந்த ஒரு குரல்தான், வேறு வகை எதுவும் அவரிடம் இல்லை, அதனால் மறுநாளிலிருந்து அவர் முழு ஊமையானார். தொண்டையில் புண் என்று நினைத்து மிளகுப் பால் குடித்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

லைன் அமைதியானது. அந்த அமைதி எங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அடி நின்றுவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கார்த்திகையில் அப்பாவின் குரல் கரகரத்தது. தையில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், குரல்வளையில் கட்டி, எடுத்தே ஆக வேண்டும், எடுத்தபின் கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு, பேச்சு வராது என்று சொன்னார்கள். தேதி கொடுத்தார்கள். இடையில் பதினொரு நாள் இருந்தது.

அப்பா பேசுகிறவர். நான் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசியவர் அவர்தான், கல்லூரி ஆபீசில், கரண்ட் ஆபீசில், பெண் பார்க்க வந்தவர்களிடம், பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்பதற்குக்கூட. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவிநாசி வரும் வரை எனக்குப் பெட்டியின் எட்டு விளக்குகள்தான் கண்ணுக்குள் நின்றன. குரலை எடுத்து வைத்துவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாம், திரும்பி வந்ததும் ஓட்டிவிடலாம், கிரைண்டருக்குள் போய் உட்கார்ந்தது மாதிரி அவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பாவுக்கு எத்தனை குரல் என்று எண்ணினேன். பீஸ் எண்ணுகிற குரல், போனில் பேசுகிற குரல், சிரிப்பு, குளிக்கும்போது பாடுகிற குரல், கடைக்காரரிடம் பேசுகிற குரல், என்னோடு சாப்பிடும்போது பேசுகிற குரல், என்னைக் கூப்பிடுகிற குரல், திட்டுகிற குரல். சரியாக எட்டு.

வீடு வீடாகப் போய்க் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. லீலாவதி அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் முதலில் தன் கிரைண்டரை வாங்கிக்கொண்டாள். "அண்ணன் குரல விடவா என்ற தலைவலி பெருசு?" மருதாசலம் தாத்தா இருமலைத் திரும்ப வாங்கி, அன்றைக்கே அதை முழுக்க இருமித் தீர்த்தார். மோட்டார் வந்தது, மெஷின் வந்தது, கம்ப்ரசர் வந்தது, நாய் குரைத்தது, சம்மட்டி விழுந்தது. ஒரே மாலைக்குள் லைன் பழையபடி கொதித்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

பேச்சியம்மாள் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணே, அது மட்டும் வேணாம்ணே. என்னைய வேற எது வேணாலும் கேளுங்க."

நான் அவளை வெறுத்தேன். இப்போது சொல்வதற்கு என்ன, அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது வெறுப்புதான்.

அப்பா கரகரத்த குரலில் சொன்னார். "நீ போய்ச் சோத்தை ஆக்கும்மா. ஏழு இருக்குது, ஏழு போதும்."

அவள் போனபின் நான் அழுதேன். "எதப்பா விடறது?"

"இதென்ன கேள்வி? திட்டற குரல விட்டுரு. அறுத்து எடுக்கறவங்களே அதக் கொண்டுட்டுப் போகட்டும்."

ஏழு நாள் எடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு குரல். கெயினை ஏற்றியும் இறக்கியும், அவர் கரகரப்புக்கு நடுவே நல்ல குரல் வரும் நொடிக்காகக் காத்தும், நான் ஹெட்போனுக்குள்ளேயே வாழ்ந்தேன். போன் குரல் போனபின் போன் அடித்தால் என்னைப் பார்ப்பார். சிரிப்பு போனபின் தோள் மட்டும் குலுங்கும். ஏழாவது நாள் எட்டாவது சேனலில், "கௌசூ... சோறு ஆறுது, வா" என்று கூப்பிட்டார், நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது திட்டுகிற குரல் ஒன்றுதான். அதை அவர் உபயோகிக்கவே இல்லை. நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, வாயை மூடியபடியே ஆபரேஷன் அறைக்குள் போனார்.

திரும்பி வந்தபோது கழுத்துத் துளையை ஒரு வெள்ளைத் துணி மூடியிருந்தது. கையில் நாற்பது பக்க நோட்டு. லைன் முழுக்க எங்கள் வாசலில் கூடியது. கிரைண்டரை, மெஷினை, மோட்டாரை அவர்களாகவே நிறுத்தி வைத்திருந்தார்கள், நாயை யாரோ தூக்கி வைத்து வாயைப் பொத்தியிருந்தார்கள். முதல் சேனலை ஓட்டினேன்.

"ஒண்ணு ஓகே, ரெண்டு ஓகே, மூணு டேமேஜ்..."

முப்பது வருடம் பீஸ் எண்ணிய குரல் கணீரென்று இறங்கி வந்தது. அப்பாவின் முகத்தைத் தொட்டது. அவர் வாயைத் திறந்தார். உள்ளே போய்விட்டு வெளியே வந்தது, துணியை விலக்கிக் காட்டினார், துளைக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வெளியே வந்தது, வீடு மாறி வந்துவிட்டவர் மாதிரி அவரைச் சுற்றி ஒருமுறை நின்றது, பிறகு எங்கள் தலைகளுக்கு மேலாக வாசலைத் தாண்டிப் போய்விட்டது. தொட்டிப் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த மாயாண்டி நிமிர்ந்து, என் அப்பாவின் குரலில், "நாலு ஓகே" என்றார்.

"அட," என்றாள் லீலாவதி அக்கா மெதுவாக, "அந்த ஆளு தொண்டை காலியாக் கெடக்கறத மறந்தே போயிட்டமே."

அப்படித்தான் மறந்திருந்தோம். பதினொரு நாளில் எல்லாவற்றையும் எண்ணினோம், சேனலை எண்ணினோம், குரலை எண்ணினோம். ஆறு மாதமாக எங்களோடு தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஊமையை யாரும் எண்ணவில்லை.

மறுநாள் ஆறே முக்காலுக்கு ஒன்பதாம் வீட்டிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஒண்ணு." சின்ன இடைவெளி. "ரெண்டு." இடைவெளி. "மூணு." அது என்ன எண்ணிக்கை என்று லைனுக்குப் புரிய ஐந்து வரை ஆனது. டிவிகளின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. அப்பா சுவரோரம் உட்கார்ந்து தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒன்பது ஓகே" என்றதும் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

காலையில் சிலர் யோசனை சொன்னார்கள். மாயாண்டியின் சொந்தக் குரலையே திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன?

பேச்சியம்மாள் அக்கா தொட்டியடியில் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது வந்துச்சுன்னா எண்ணவும் மாட்டாரு. நிறுத்தவும் மாட்டாரு. இதுலயாவது இருபதுல களைச்சுப் போறாரு."

எனக்கு வேறு யோசனை இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. வெளியே போன குரலை மறுபடி பிடிக்கலாம். அன்று மாலை பெட்டியையும் லேப்டாப்பையும் தொட்டி விளிம்பில் வைத்து, மைக்கை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வீட்டு ஜன்னலடியில் போய் நின்றேன். ஹெட்போன் போட்டிருந்தேன். முதல் சேனல் காலியாக இருந்தது. "ஒண்ணு" என்றது அப்பாவின் குரல், பச்சை விளக்கு தாழ்வாக எரிந்தது, போதவில்லை, கை நீட்டி கெயினை ஏற்றினேன். "ரெண்டு." மஞ்சள். கூடவே இன்னொரு சத்தமும் பதியுமே, அதை எப்படி ஒதுக்குவது என்று யோசித்து மைக்கைக் கொஞ்சம் திருப்பினேன். "மூணு." ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில், பேச்சியம்மாள் அக்காவின் முகம் இருந்தது. சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. கேட்கவில்லை. நான் மீட்டரைச் சரி செய்து முடிக்கட்டும் என்று காத்திருப்பவள் போலப் பார்த்தாள்.

"நாலு" என்பதற்குள் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். குரலையும் பிடிக்கவில்லை, கதவையும் தட்டவில்லை. இரண்டில் எதையும் செய்யாமல் மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா எல்லாவற்றையும் வாசலிலிருந்து பார்த்திருக்கிறார். நோட்டில் எழுதி நீட்டினார். *மிச்சத்தையும் அவனுக்குக் குடுத்துரு.*

"அப்பா, அது உங்களுது."

*எனக்குத் தொண்டை இல்லை.*

"பொட்டிக்குள்ளயே இருக்கட்டுமே. ஓட்டாம வெச்சுக்கலாம்ப்பா. நான் பாத்துக்கறேன்."

அவர் நிறைய நேரம் எழுதினார். *அவனுக்கு எண்ண மட்டும்தான் தெரியுது. வேற எதுவும் இல்லாதவன் இருக்கறத வெச்சுத்தான செய்வான். சிரிக்கக் குடு. பாடக் குடு.* பிறகு கீழே, பெரிய எழுத்தில்: *அது என்ற குரல் கண்ணு. என்ற குரல்ல ஒருத்திய அடிக்கறான்.*

மறுநாள் காலையில் ஓட்டினேன். போன் குரல் போனது. சிரிப்பு போனது, போகும்போது வாசலில் கொஞ்சம் தயங்கியது போலத் தெரிந்தது, என் ஆசையாக இருக்கலாம். குளியல் பாட்டு போனது. கடைக்காரரிடம் பேசுவது போனது. சாப்பிடும்போது பேசுவது போனது. எட்டாவதற்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. அப்பா என் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார்.

"கௌசூ... சோறு ஆறுது, வா."

அது எங்கள் இருவரையும் கடந்து போனது.

ஒன்பதாம் வீடு திருந்திவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான். மாயாண்டி குளிக்கும்போது பாடினார், கடையில் மரியாதையாகப் பேசினார், லைன் இரண்டு நாளில் அதற்கும் பழகி, "குழந்தைவேலண்ணன் இன்னைக்கு நல்லாப் பாடறாருங்க" என்று ஒன்பதாம் வீட்டைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியது. மூன்றாவது நாள் குடித்துவிட்டு வந்தார். ஆறே முக்கால். நான் அரிவாள்மனையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், எதிரில் அப்பா.

"கௌசூ..."

அப்பாவைப் பார்த்தேன். அவர் வாய் மூடியிருந்தது.

"கௌசூ... சோறு ஆறுது, வா."

நான் எழுந்தேன். கையில் மைக் இல்லை, ஒன்றும் இல்லை. யார் வீட்டுக்கும் அழைக்காமல் போனவளில்லை நான், அழைத்தாலும் வாசலில் நிற்பவள். ஒன்பதாம் வீட்டுக் கதவைத் தள்ளினேன். மாயாண்டி ஒரு கையால் அவள் தலைமுடியைப் பிடித்திருந்தார், மறு கை மேலே நின்றது. வாயைத் திறந்து திட்டத்தான் பார்க்கிறார், கண்ணில் அத்தனை வசவும் தெரிகிறது. ஆனால் ஏழு குரலில் எதைத் துழாவினாலும் அந்தக் கோபத்துக்கு ஏற்றது அங்கே இல்லை, உரக்கக் கத்துவதற்கென்று இருந்தது இந்த ஒன்றுதான், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, என் அப்பாவின் குரலில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

"வந்துட்டேன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்டதா தெரியவில்லை. மறுபடி சொன்னேன், சத்தமாக. உள்ளே போய்ப் பேச்சியம்மாள் அக்காவின் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தேன். மேலே நின்ற கை எங்கள் இருவருக்கும் மேலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எங்கே விழுவது என்று தெரியாமல் கதவு நிலையில் போய் விழுந்தது. அப்பா என் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார், துணிக்கு அடியில் மூச்சு விசில் அடித்தது.

ஐந்தாவது சேனல் இன்னும் நிறைந்தே இருக்கிறது, அதன்மேல் இருக்கும் டேப்பை யாரும் தொடுவதில்லை. மற்ற ஏழு சேனல்களையும் லைன் மறுபடி கேட்டது, நான் கொடுக்கவில்லை. இங்கே இனி எல்லாச் சத்தமும் காதில் விழ வேண்டும் என்றேன், லீலாவதி அக்கா கிரைண்டரைப் போட்டாள். சில வாரம் அந்தக் குரல் இரண்டு முறை கூப்பிடுகிறது, சில வாரம் தினமும். ஒருமுறை அடி என் உதட்டிலும் பட்டது. ஊருக்குப் போய்விடு என்று பேச்சியம்மாள் அக்காவிடம் சொன்னேன், பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்றாள். பரீட்சைக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள்.

மணி ஆறே முக்கால் ஆகப் போகிறது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்களைப் போட்டு முடித்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.